எங்கள் வீட்டு வாக்ளே

1988ல் டோம்பிவிலியில் நாங்கள் குடியிருந்த சாலில் பதினாறு குடும்பங்கள். ஒவ்வொரு வீடும் ஓர் அறை, ஒரு சமையலறை. முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீண்ட வராந்தா. பதினாறில் ஐந்து வீடுகளில்தான் டி.வி. இருந்தது. எங்களுடையது கறுப்பு வெள்ளை, தவணையில் வாங்கியது. தவணை பாக்கி இருக்கும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது, அணைப்பது எல்லாம் அவருடைய இலாகா.

'வாக்ளே கி துனியா' வரும்போது எங்கள் அறையில் பதினைந்து பேராவது இருப்பார்கள். பக்கத்து வீட்டு மராத்திக்காரரை நாங்கள் காகா என்று கூப்பிடுவோம். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கால் வராந்தாவிலும் ஒரு கால் எங்கள் வீட்டிலுமாகப் பார்ப்பார். தொடர் முடிந்ததும் வாரா வாரம் ஒரே வாக்குவாதம். "வாக்ளே எங்க ஆளு" என்பார் காகா. பெயரே போதும், கொங்கணி, மராத்தி வட்டாரத்துப் பெயர். "அவனைப் பெத்தவர் எங்க ஆளு" என்பார் அப்பா. வாக்ளேயைக் கற்பனை செய்த கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் மைசூரில் பிறந்த தமிழர் என்பது அவருடைய வாதம். இருவரும் விட்டுக் கொடுத்ததில்லை. அம்மா இருவருக்கும் காபி கொண்டு வந்து வைப்பாள்.

இந்த வாக்குவாதத்தின் அருமை எனக்கு அப்போது தெரியாது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தது 1964ல். இரண்டு வருடம் கழித்து சிவசேனா பிறந்தது. 'லுங்கிவாலா' என்று தென்னிந்தியர்களைக் கேலி செய்து துரத்திய காலம். வேட்டியோடு பால் வாங்கப் போகப் பயந்து பேண்ட் மாட்டிக் கொண்டு போனதாக அப்பா சொல்லியிருக்கிறார். அப்படி வாழ்ந்த மனிதருக்கு, பம்பாய் முழுவதும் நேசிக்கும் ஒரு குமாஸ்தாவைத் தன் ஊர்ப் பக்கத்து மொழிக்காரர் படைத்திருக்கிறார் என்பதில் ஒரு தனித் திருப்தி இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீனிவாஸ் வாக்ளே ஒரு கம்பெனியில் விற்பனைப் பிரிவு குமாஸ்தா. மனைவி ராதிகா. குழந்தைகள். மாதச் சம்பளம். வில்லன் கிடையாது, தாலி கண்ணீர் கிடையாது, புராணமும் கிடையாது. பஸ், பக்கத்து வீடு, ஆபீஸ், மேலதிகாரி, விருந்தாளி இவைதான் கதை. வாக்ளே நேர்மையானவர், கொஞ்சம் பயந்தவர், சட்டத்தை மதிப்பவர். அவருக்கு வரும் ஆபத்துகள் எல்லாம் நமக்கு வரும் ஆபத்துகளின் அளவில்தான் இருக்கும். பின்னாளில் இந்தியாவே கொண்டாடிய ஷாருக் கான், இந்தத் தொடரின் ஒரு பகுதியில் வாக்ளேயைக் காரால் இடித்துவிடும் இளைஞராக வந்து போனார். இடிபட்டவர்தான் நாயகன் என்பதிலேயே தொடரின் குணம் தெரிந்துவிடும்.

இயக்கியவர் குந்தன் ஷா. 1983ல் 'ஜானே பி தோ யாரோ' எடுத்தவர். அதில் உண்மையைக் கண்டுபிடிக்கும் இரண்டு அப்பாவிப் போட்டோகிராபர்கள் கடைசியில் சிறைக்குப் போகிறார்கள். 1994ல் அவர் எடுத்த 'கபி ஹான் கபி நா'வில் நாயகனுக்குக் காதலி கிடைக்கவில்லை. தோற்பவர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். அந்தப் படத்தில் நாயகனின் அப்பாவாக வந்தவர் அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ். வாக்ளேயாக நடித்தவரும் அவர்தான். நிஜ வாழ்க்கையில் வங்கி ஊழியராக இருந்துகொண்டே நாடகம் போட்டவர். கோப்பைக் கையில் பிடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்காது.

லக்ஷ்மணின் கட்டம் போட்ட கோட்டுக்காரரை எல்லோருக்கும் தெரியும். 1951லிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் முதல் பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்த அந்தச் சாமானியன் வாயே திறந்ததில்லை. கார்ட்டூனில் அது நடக்கும். டி.வி.யில் ஒரு மனிதன் அரை மணி நேரம் சும்மா நின்று கொண்டிருக்க முடியாது. ஆகவே அந்தச் சாமானியனுக்கு டி.வி.யில் ஒரு சொந்தக்காரன் பிறந்தான். அவனுக்கு ஒரு பெயர், வேலை, வீட்டு முகவரி, மனைவி எல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது. மனைவி வந்த பிறகுதான் கதை குடும்பக் கதை ஆயிற்று. வெளியே வாயடைத்துத் திரும்பும் மனிதன் வீட்டுக்குள் பேசியாக வேண்டும். அவள் கேட்பாள் அல்லவா, "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டது அம்மா. அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. காலை 7.40 லோக்கலைப் பிடித்து வி.டி. போய் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வரும்போது இரவு எட்டு. டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு, ஆபீஸில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுவார். எல்லாக் கதையிலும் அவர்தான் தோற்றிருப்பார். ஆனால் ஒவ்வொன்றிலும் விதிப்படி நடந்திருப்பார். பஸ் கண்டக்டர் கொடுக்காமல் விட்ட பத்துப் பைசாவுக்காக ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கியிருப்பார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாதம் போடுவாள்.

வாக்ளேயைப் பார்த்து நான் சிரிக்கக் கற்றுக் கொண்டது அந்த வருடம்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை அப்பாவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ரேஷன் கடையில் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து முத்திரை இருக்கிறதா என்று கேட்கிற அப்பாவோடு எந்தப் பையன் சந்தோஷமாக நிற்பான்? டி.வி.யில் அதே மாதிரி ஒருவர் வந்து, ஊரே அவரை ரசித்தபோது என் கூச்சம் குறைந்தது. அப்பா ஒரு காமெடி என்று எடுத்துக் கொண்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. அந்தத் தொடருக்கு நான் பட்ட முதல் கடன் அது. அது நல்ல கடனா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம்.

1989ல் ஒரு சம்பவம். ஸ்டேஷனுக்குக் கிழக்கே புதிதாக எழும்பிக் கொண்டிருந்த கட்டடத்தில் இரண்டு அறை, சமையலறை, உள்ளேயே கக்கூஸ், பாத்ரூம் உள்ள ஒரு வீட்டுக்கு அப்பா ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார். விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கடன் ஏற்பாடாகிவிட்டது. அம்மாவின் நகைகள் சேட்டுக் கடைக்குப் போகத் தயாராகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் போய், செங்கல்லும் கம்பியுமாக நின்ற மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம். எந்த ஜன்னல் எங்களுடையது என்று அக்காவுக்கும் எனக்கும் சண்டை.

ஒப்பந்தம் எழுதுகிற சமயத்தில் பில்டர், தொண்ணூறாயிரத்துக்குத்தான் பத்திரம் என்றார். மீதி ஐம்பதாயிரம் ரொக்கம். ரசீது கிடையாது. பம்பாயில் வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். அப்பாவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தன் விஷயத்தில் நடக்காது என்று நினைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "ரசீது இல்லாம எப்படிளா பணம் குடுக்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா, "ஊரே குடுக்கு. நாமளும் குடுப்போம்" என்றாள். அப்பா மூன்று நாள் யோசித்தார். நான்காவது நாள் பில்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். முழுத் தொகையையும் காசோலையாகத் தரத் தயார் என்றும், அதற்குரிய ரசீது தேவை என்றும், ஆங்கிலத்தில், ஆபீஸ் டைப்ரைட்டரில், இரண்டு கார்பன் நகலோடு. ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டை இணைத்து.

பத்து நாளில் முன்பணம் ஐயாயிரம் திரும்பி வந்தது. அதுவும் காசோலையாக. அப்பாவுக்கு அதில்கூட ஒரு திருப்தி.

இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கல்லூரி விடுதியில், முதல் வேலையில், ஆபீஸ் விருந்துகளில். அப்பாவின் குரலில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுச் சொல்லுவேன். ரிஜிஸ்டர் தபால் என்று வரும்போது சிரிப்பு ஆரம்பிக்கும். ஒப்புகை அட்டை வரும்போது மேஜையைத் தட்டுவார்கள். காசோலையில் திரும்பி வந்த முன்பணத்தில் கதையை முடித்துவிடுவேன். "உங்கப்பா அசல் வாக்ளே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதைக் கேட்கத்தான் சொல்லுவேன் என்றும் வைத்துக் கொள்ளலாம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை நான் சொல்வதில்லை. அந்தச் சாலில் நாங்கள் இன்னும் பதினோரு வருடம் இருந்தோம். 1990ல் அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குச் சமையலறையில் ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். மே மாதங்களில் அம்மா வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தாள். காலையில் மற்ற பதினைந்து வீட்டு ஆண்கள் வாளியோடு நடமாட ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும் என்பதால் நாலரைக்கு அலாரம். பொதுக் கக்கூஸ் வரிசையில் இரண்டு வயசுப் பெண்களாக அவளும் அக்காவும் நின்றார்கள். இதெல்லாம் காமெடி இல்லை. ஆகவே என் கதையில் வராது.

தூர்தர்ஷன் காலத்துக் குடும்பக் காமெடிகள் ஏன் இன்னும் நெஞ்சில் நிற்கின்றன என்று கேட்டால், வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. அப்போது ஒரே சேனல், வேறு கதி இல்லை. இது முழு உண்மை இல்லை. அதே ஒரே சேனலில் வந்த எத்தனையோ நிகழ்ச்சிகள் யாருக்கும் ஞாபகமில்லை. 1984ல் வந்த 'யே ஜோ ஹை ஜிந்தகி'யை இன்றும் பேசுகிறார்கள். ரஞ்சித், ரேணு, அவளுடைய தம்பி ராஜா, இவர்களோடு வாரம் ஒரு வேடத்தில் வந்து போன சதீஷ் ஷா. 2025 அக்டோபரில் சதீஷ் ஷா இறந்தபோது, என் வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து அந்த வேடங்களைத்தான் சொல்லிக் கொண்டார்கள். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'தேக் பாய் தேக்'கையும் 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யையும் மறுபடி போட்டபோது, அவை வந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. குடும்பக் காமெடிக்கு ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். வெளியாள் செய்யக் கூடாது. ராதிகாவாக வந்த பாரதி அச்ரேகர், மாணிக் வர்மா என்ற பெரிய பாடகியின் மகள், மராத்தி மேடையில் தேறியவர். புருஷனை அவள் கடிந்து கொள்ளாத வாரம் இருக்காது. ஆனால் மூன்றாம் மனிதர் முன்னால் புருஷனை இறக்கிவிட மாட்டாள். வாக்ளே ஊரிடம் தோற்று வருவார். வீட்டில் திட்டு வாங்குவார். ஆனால் வீட்டில் அவருக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. பார்க்கிற குமாஸ்தாக்களுக்கெல்லாம் அந்த நாற்காலி வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தை நான் டி.வி.யில் கற்றுக் கொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1997ல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எட்டுப் பேர். உட்கார இடம் இல்லாமல், காகா தன் அறையைத் திறந்துவிட்டு, நாற்காலிகளையும் தட்டுகளையும் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா சுற்றிப் பார்த்துவிட்டு, "பம்பாயில முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ஒரு வீடு வாங்க முடியலியா?" என்றார். அப்பா தலையைக் குனிந்து கொண்டார். கேசரித் தட்டோடு நின்ற அம்மா சொன்னாள்: "எங்க வீட்டுக்காரவ யாருகிட்டயும் ஒரு பைசா கைநீட்டி வாங்குனதும் இல்ல, ரசீது இல்லாம ஒரு பைசா குடுத்ததும் இல்ல. இந்த வீட்டுல இருந்துதான் ரெண்டு பிள்ளையளயும் படிக்க வச்சாவ. கேசரி எடுத்துக்கிடுங்க."

தாய்மாமா கேசரி எடுத்துக் கொண்டார். சம்பந்தமும் முடிந்தது. அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு, எட்டு வருடத்துக்கு முந்தைய ஐம்பதாயிரம் ரூபாய்க்காக அம்மா அப்பாவைத் திட்டியது எனக்கும் அக்காவுக்கும் கேட்டது. ஒரே அறை. கேட்காமல் இருக்க வழியில்லை. அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் டிபன் பாக்ஸில் அவருக்குப் பிடித்த எலுமிச்சம்பழச் சாதம்.

2000ல் அப்பா ஓய்வு பெற்றார். பி.எப். பணத்தில், ஊருக்குத் திரும்பிப் போகும் ஒரு பழைய நண்பரிடமிருந்து, முழுத் தொகையும் காசோலையாகக் கொடுத்து, அதே டோம்பிவிலியில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். நாலு லட்சத்து இருபதாயிரம். 1989ல் வேண்டாம் என்று விட்டதன் அளவுதான் இதுவும். ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டு வைத்தார். அம்மா புது வீட்டு பாத்ரூமில் முதல் நாள் ஒரு மணி நேரம் இருந்தாள்.

அதற்குள் டி.வி. மாறிவிட்டது. 1992ல் ஜீ வந்தது, 1993ல் சன் வந்தது. பிறகு எத்தனையோ. சீரியல்களில் எல்லோரும் மாளிகைகளில் வசிக்க ஆரம்பித்தார்கள். 2004ல் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' வந்தது. தென் பம்பாயில் கஃப் பரேடில் வசிக்கும் பணக்காரக் குடும்பம். மாமியார் மாயா சாராபாய், மருமகள் மோனிஷாவை எதற்கெடுத்தாலும் 'மிடில் கிளாஸ்' என்று குத்திக் காட்டுவாள். சலுகை விலைக்கு அலைவது, மிச்சம் மீதியைச் சேர்த்து வைப்பது, எல்லாம் மிடில் கிளாஸ். ஒளிபரப்பான காலத்தில் பெரிதாக எடுபடாத தொடர் அது. பிறகு இணையத்தில் பிரபலமாகி, 2017ல் இரண்டாம் சுற்றே வந்தது. ரத்னா பாடக் ஷா, சதீஷ் ஷா, ரூபாலி கங்குலி என்று அபாரமான நடிப்பு. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். வாக்ளேயில் நாம் நம்மைப் பார்த்துச் சிரித்தோம். இதில் மாயாவின் சோபாவில் உட்கார்ந்து கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தோம். வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஏனென்றால் நானும் அந்தச் சோபாவை நோக்கித்தான் போய்க் கொண்டிருந்தேன்.

2005 ஆரம்பத்தில் தாணாவில் நான் ஒரு வீடு வாங்கினேன். பதினைந்து லட்சம். பத்து லட்சத்துக்குப் பத்திரம், ஐந்து லட்சம் ரொக்கம். நான் மூன்று நாள் யோசிக்கவில்லை. மூன்று நிமிடம்கூட யோசித்ததாக ஞாபகம் இல்லை. பணத்தைப் பழைய துணிப்பையில் கட்டிக் கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக் கொண்டார்கள். ரசீது கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே ஒரு காமெடியாகியிருப்பேன்.

பால் காய்ச்சும் நாளில் அப்பா வந்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் கொக்கிகளைப் போட்டு எடுத்துப் பார்த்தார். நல்ல வீடு என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக் கொண்டே, "ஏல, ரசீதெல்லாம் பத்திரமா வச்சிருக்கியா?" என்று கேட்டார். "இருக்குப்பா" என்றேன். தலையாட்டினார். மொத்த விலை அவருக்குத் தெரியும். பத்திரத்தில் எவ்வளவு என்று கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்த மனிதர்.

2016ல் அப்பா போய்விட்டார்.

அதன் பிறகு வாக்ளேயின் பழைய பகுதிகளை நான் இணையத்தில் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நிறம் மங்கி, ஒலி கரகரத்து, ஓரங்கள் நடுங்கும் படங்கள். என் நண்பர்கள் பலரும் பார்க்கிறார்கள். எங்களை ஒன்று சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் பேச்சு அங்கே போய்விடும். எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்மை, அந்த மாதிரி மனிதர்கள் இப்போது எங்கே என்று அங்கலாய்ப்பார்கள். ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் சுற்றிலும் பார்த்தேன். ஆறு பேர். ஆறு பேரும் சொந்த வீட்டுக்காரர்கள். அந்த வீடுகளில் ஒன்றாவது முழுக்கக் காசோலையில் வாங்கியதாக இருக்குமா? கேட்கத் தைரியம் வரவில்லை. என்னைத் திருப்பிக் கேட்பார்கள்.

பழைய தொடர்களின் கவர்ச்சியில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். வாக்ளேயாக இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள்தான் வாக்ளேயை இவ்வளவு நேசிக்கிறோம். அவர் திரையில் இருக்கும்வரை நமக்குச் செலவில்லை. ரசீது கேட்பது அவர் வேலை, ரசிப்பது நம் வேலை.

2021 பிப்ரவரியில் சோனி சப் சேனலில் வாக்ளே திரும்பி வந்தார். புதுத் தலைமுறை, புதுக் கதைகள். கதையின் பாரம் இப்போது மகன் ராஜேஷ் மேல். அதில் சுமீத் ராகவன். ஆனால் அப்பா வாக்ளேயும் அம்மா ராதிகாவும் அதே அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி அச்ரேகரும்தான். முப்பத்து மூன்று வருடம் கழித்து, அதே இருவர், அதே புருஷன் பெண்டாட்டியாக, தாத்தா பாட்டியாகி வந்து நின்றார்கள். மேக்கப்பில் நரைக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தியத் தொலைக்காட்சியில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து. கொரோனாவுக்குப் பயந்து எங்களோடு தாணாவில் இருந்தாள். இந்தி இன்னும் அரைகுறை. ஆனால் முதல் நாளே ராதிகாவை அடையாளம் கண்டு, "இவளுக்கும் வயசாயிட்டு" என்றாள். பிறகு தினமும் அவளைப் பார்க்கவே உட்கார்ந்தாள். வாக்ளே பேசும்போதுகூட அம்மாவின் கண் ராதிகாவின் மேல்தான். நானும் அங்கே பார்க்க ஆரம்பித்தேன். பழைய பகுதிகளையும் மறுபடி அந்தக் கண்ணோடு போட்டுப் பார்த்தேன். புருஷன் ஏதோ ஒரு கொள்கையைச் சொல்லி முடிக்கும்போது பாரதி அச்ரேகரின் முகத்தில் ஒரு நொடி கணக்கு ஓடும். இதற்கு என்ன விலை, எதைக் குறைக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று. அதற்குப் பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். பன்னிரண்டு வயதில் அந்த நொடி எனக்குத் தெரியவில்லை. அப்போதெல்லாம் வாக்ளேயைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் பழைய பகுதி ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும், "சிரிக்கதுக்கு நல்லாத்தான்யா இருக்கு" என்றாள். "அரை மணி நேரத்துல முடிச்சிடுதான். நமக்குப் பதினோரு வருசம் ஆச்சுல்லா."

எனக்குக் கதையின் மறுபாதி நினைவுக்கு வந்தது. வராந்தாப் பாய், நாலரை மணி அலாரம், கக்கூஸ் வரிசை. கேட்டுவிட்டேன். "அப்பா அந்தப் பணத்தைக் குடுத்திருக்கணும்னு சொல்லுதியாம்மா?"

அவள் யோசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, அவுக செஞ்சது சரிதான் என்று சொல்வாள் என்றுகூட உள்ளூர நினைத்தேன். தொடராக இருந்தால் ராதிகா அப்படித்தான் சொல்லியிருப்பாள், பின்னணியில் மெல்லிய இசையோடு.

"குடுத்திருக்கணும்" என்றாள் அம்மா. "அப்பமும் அதத்தான் சொன்னேன். இப்பமும் அதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "நீ அந்தக் கதைய ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிக்கியாமே? ஒன் பொண்டாட்டி சொன்னா" என்றாள். நான் பேசவில்லை. "நான் அவுகளத் திட்டலாம். நான் கூட இருந்தவ. நீ மத்தவங்க சிரிக்கதுக்குச் சொல்லாத."

இப்போதும் அந்தக் கதையை நான் சொல்வதுண்டு. ஆனால் காசோலையில் முடிப்பதில்லை. வராந்தா, அலாரம், பெண் பார்க்க வந்தவர்கள், கேசரி என்று கடைசிவரை சொல்கிறேன். 2005ல் நான் கட்டிக் கொண்டு போன துணிப்பையையும் சேர்த்து. முன்பு போல யாரும் மேஜையைத் தட்டுவதில்லை. சிரிக்கிறார்கள், நடுவில் நிறுத்தி விடுகிறார்கள். பிறகு அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அம்மா எப்படி இருக்கிறார் என்று.

நன்றாக இருக்கிறாள். ராதிகாவைப் பற்றித்தான் இன்னும் பேசிக் கொண்டிருக்கிறாள்.